குட்டைக் கழுத்து பேஸ்

அன்று மேடையில் இருந்தவர்கள் இவர்கள். கீபோர்டில் அண்ணன். குழு அவருடையது. டிரம்ஸில் மச்சான். என் மனைவியின் தம்பி. மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கார அக்கா. டிரம்ஸுக்குப் பக்கத்தில் பேஸ் கித்தாரோடு நான். கீழே பொண்ணும் மாப்பிள்ளையும், அவர்களைப் பெற்றவர்கள், சாப்பிட வந்த சனம். வாசல் பக்கம் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் இரண்டு மேசை. கழிவறைப் பக்கம் இன்னொரு கூட்டம் இரண்டு மேசை. அவர்களை யார் அழைத்தது என்று இன்றுவரை தெரியாது.

மலேசியாவில், ஜோகூர் பாரு பக்கம் ஸ்கூடாயில் ஒரு மண்டபம். கல்யாண விருந்து.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சண்டை வந்தால் பாட்டை நிறுத்தக்கூடாது. பாட்டு நின்றால் எல்லாரும் எழுந்து சண்டையைப் பார்ப்பார்கள். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் சேர்ந்துகொள்வார்கள். பாட்டு ஓடினால் பாதிப் பேர் கோழியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்கா இறங்கிப் போகலாம். கீபோர்டு விலை கூடின சாமான், அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு நகரலாம். டிரம்ஸும் பேஸும் நகரக்கூடாது. இந்தப் பக்கத்துக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் இது தெரியும்.

கழிவறைப் பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஒருவன் வந்து ஐம்பது வெள்ளி நோட்டை கீபோர்டின் மேல் வைத்தான். அவர்களுடைய பாட்டு முதலில் வர வேண்டுமாம்.

"வரிசையா வரும் தம்பி. மாப்பிள்ள கூட்டாளிங்க முன்னாடியே கேட்டுட்டாங்க" என்றார் அண்ணன்.

அவன் நோட்டை எடுக்கவில்லை. திரும்பிப் போய் ஒரு போத்தலை எடுத்தான். வாசல் பக்கத்து மேசையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் மண்டையில் உடைத்தான்.

பிறகு எல்லாம் பறந்தது. தட்டு, கண்ணாடி, மீன் கறிச் சட்டி. அக்கா இறங்கிவிட்டார். ஒருவன் அடி தாங்காமல் மேடைக்கு ஓடிவந்து என் பின்னால் ஒளிந்தான். அவனைத் துரத்தி வந்தவன் இரும்பு நாற்காலியை மடக்கி ஓங்கினான். ஒளிந்தவன் குனிந்தான். நாற்காலி என் இடது மணிக்கட்டில் இறங்கியது. கை அப்போது பேஸின் கழுத்தில் இருந்தது.

எலும்பின் சத்தம் எனக்குக் கேட்டது. மச்சான் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் அடித்தான். நான் வாசித்தேன். அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டும் வாசித்தேன். கை கால்பந்து மாதிரி ஊதிவிட்டது. போலீஸ் வந்த பிறகுதான் பேஸைக் கழற்றினேன். கழற்றும்போது மயங்கி விழுந்தேன் என்று மச்சான் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்த டாக்டர், அடி பட்டபோது விரிசலாக இருந்திருக்கும், அதற்குப் பிறகு ஆட்டியதால்தான் எலும்பு விலகிவிட்டது என்றார். ஏன் ஆட்டினாய் என்று கேட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து வேறு ஆள் கை மாதிரி இருந்தது. மணிக்கட்டு பாதிக்கு மேல் மடங்கவில்லை. மடக்கினால் பெருவிரல் வரைக்கும் மரத்துப்போகும்.

பகலில் எனக்கு ஆட்டிறைச்சிக் கடையில் வேலை. இடது கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வெட்ட வேண்டும். கட்டு பிரித்த பிறகு போன முதல் நாள், பிடி நழுவி எலும்பு கட்டையிலிருந்து பாய்ந்தது. கத்தி என் விரலை ஒட்டினாற்போல் இறங்கியது. முதலாளி பாய் கத்தியை வாங்கிக்கொண்டார்.

"வெட்டுறத வேற ஆளு பாக்கட்டும். நீ நிறுத்துக் குடு" என்றார்.

தராசுக்குப் போனேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆடு யார் வெட்டினாலும் செத்துத்தான் கிடக்கிறது. பேஸ் அப்படியில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பல வேலை பார்த்தேன், எதிலும் நிலைக்கவில்லை. பேஸ் ஒன்றுதான் இருபது வருடமாகக் கையில் இருக்கிறது.

என் பேஸ் நீளமானது. பெரும்பாலான பேஸ் அப்படித்தான். கம்பி மட்டும் முப்பத்து நான்கு அங்குலம். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் கம்பிகள்தான் ஃபிரெட். நுனியில் இருக்கும் முதல் ஃபிரெட்டைத் தொட இடது கையை முழுக்க நீட்டி மணிக்கட்டை உள்ளே வளைக்க வேண்டும். அந்த வளைவுதான் எனக்கு இல்லை. கையை அங்கே கொண்டுபோனால் எலும்புக்குள் ஆணி இறங்கும். விரல் தானாகக் கம்பியை விட்டுவிடும்.

அண்ணன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில்தான் ஒத்திகை. இரண்டு பாட்டு பொறுத்துப் பார்த்தார்.

"என்னடா, நடுவுல நடுவுல காணாமப் போற?"

"கை வரல அண்ணே."

"தப்பா எடுத்துக்காத லா. எடக்கையாலயே நான் கீபோர்டுல பேஸ போட்டுருவேன். சிங்கப்பூர்ல பாதி குழு அப்படித்தான் ஓடுது. ஒரு ஆளு சம்பளம் மிச்சம்."

"டிரம்ஸுக்கும் அதுல பட்டன் இருக்கு அண்ணே. அதையும் அமுக்கிட்டீங்கன்னா நானும் மிச்சம்" என்றான் மச்சான்.

"நீ வாய மூடு." அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கோத்தா திங்கியில ஒரு கல்யாணம் இருக்கு, அது வரைக்கும் பாக்குறேன். அதுல நீ கடைசி வரைக்கும் நின்னுட்டா இடம் உன்னோடது. இல்லன்னா நான் பேசிட்டு நிக்க மாட்டேன்."

நியாயம்தான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மச்சான் என்னை உருவிவிடும் ஆளிடம் கூட்டிப்போனான். அந்த ஆள் எண்ணெய் போட்டுக் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். நான் அவன் நெஞ்சில் மிதித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. கால் தானாகப் போனது. அவன் சுவரில் போய் மோதி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். காசு வாங்கவில்லை.

"நல்ல வைத்தியம் மாமா. அவருக்குத்தான் குணமாகல" என்றான் மச்சான், காரில்.

ஜோகூர் பாருவில் ஒரு சீனர் கடையில் கேட்டேன். விற்கிற பையன் மலாயில் விளக்கினான். குட்டைக் கழுத்து பேஸ் இருக்கிறது, கம்பி முப்பது அங்குலம்தான் என்றான். ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கை வலிக்கவில்லை. விலையைச் சொன்னான். வலித்தது. என் ஒரு மாதச் சம்பளம் போதாது.

மலிவாக இன்னொன்று வைத்திருந்தான். அதன் உடம்பு லேசு, தலை கனம். வாரை மாட்டிக் கையை விட்டால் கழுத்து தரையைப் பார்த்துச் சாய்ந்தது. அதை இடது கையால்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும். அது இன்னும் மோசம். குட்டையாக இருந்தால் போதாது, தலை சாயாததாகவும் இருக்க வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு மச்சான் கைபேசியில் பழைய சாமான் விற்கிறவர்களைத் தேடினான். கூலாயில் ஒன்று பார்த்தோம். கழுத்து வில் மாதிரி வளைந்திருந்தது. மாசாயில் ஒருவன் படத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு நேரில் வேறொன்றை நீட்டினான். மச்சான் அவன் சட்டையைப் பிடித்தான். அவன் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினோம். பேஸை இல்லை, உதையை.

பொந்தியானில் ஒன்று இருப்பதாக மச்சான் காட்டியபோது நான் தனியாகப் போனேன். அவன் வந்தால் மறுபடி யார் சட்டையையாவது பிடிப்பான்.

வரிசை வீடு. கேட்டுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டை. கூப்பிட்டேன். புருஷன் வந்து கேட்டைத் திறந்தான்.

"பேஸ்தானே? வாங்க பாஸ், உள்ள வாங்க."

உள்ளே அவன் பெண்டாட்டி நின்றாள். ஒல்லி. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே நீலம். பழைய நீலம் ஒன்று, புதிது ஒன்று.

"யாரு இது?"

"பேஸ் பாக்க வந்திருக்காரு. நீ உள்ள போ."

"பேஸ் வித்து குடிக்கப் போறியா? இரு, நான் காட்டுறேன் அவருக்கு."

பேஸ் சுவரில் மாட்டியிருந்தது. எட்டி எடுத்தாள். முதலில் நடுவில் பிடித்து எடுத்தாள். அப்போது அது சாயாமல் சமமாக நின்றதைப் பார்த்தேன். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே கையால் தலைக்கு மேல் தூக்கினாள்.

"அடியே, கீழ வையி! ஆளு வந்திருக்காரு!"

அவன் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். அவன் கையைத் தூக்கினான். மறுபடி போட்டாள். இந்தத் தடவை காதில் பட்டது. காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் சுவரோடு உட்கார்ந்துவிட்டான்.

நான் தடுக்கவில்லை. அவள் கன்னத்தைப் பார்த்ததால் தடுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அவ்வளவு ஒல்லியான பெண் அதை ஒரே கையால் தூக்கி இரண்டு தடவை வீசினாள், மூச்சு வாங்கவில்லை. எவ்வளவு கனம் என்று கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போனது.

அவள் பேஸை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா அண்ணே. பாரு."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தேன். ஓரத்தில் ரத்தம் இருந்தது, துடைத்தேன். இடது கையை வைத்தேன். முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டு நேராக இருந்தது. முதல் ஃபிரெட் தானாகக் கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் வாசித்தேன். புருஷன் சட்டையால் காதை அமுக்கிக்கொண்டு கேட்டான். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"எவ்வளவு?"

"அறநூறு" என்றான் அவன்.

"நானூறு. எங்கிட்ட குடு" என்றாள் அவள்.

அவளிடம் கொடுத்தேன். அவள் எண்ணாமல் உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். பை ஏற்கெனவே கட்டி வைத்த பை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஒங்க ஆளுங்க வீடு எங்க?" என்று கேட்டேன்.

"பத்து பகாட் டவுன்ல எங்க அண்ணன் இருக்காரு."

"கார்ல ஏறுங்க. பஸ் நிலையத்துல எறக்கி விடுறேன்."

புருஷன் எழுந்து வந்தான். வாசலில் கிடந்த பலகைத் துண்டை எடுத்துக்கொண்டான். நான் பேஸைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு அடி. சரியாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். இன்னொரு அடி. திரும்பிப் பலகையை வலது கையால் பிடித்து இழுத்து, அதே பலகையால் அவன் முட்டியில் ஒன்று கொடுத்தேன். ஒன்றுதான். விழுந்தான். அவள் ஜன்னலை ஏற்றினாள்.

கார் பெரிய சாலையில் ஏறியது. பிறகு கேட்டாள்.

"சண்டையில வெல சொல்லிட்டேன். கூடவா, கொறச்சலா?"

"சரியான வெல."

"அடிச்சதுல ஒடஞ்சிருக்குமா?"

"ஒடையல. நல்ல கட்ட."

"அப்ப இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்" என்றாள். பிறகு அழுதாள். பஸ் நிலையத்தில் இறங்கும்போது அழுகை நின்றிருந்தது.

அண்ணன் அந்த பேஸைப் பார்த்துச் சிரித்தார். "என்னடா இது, பால்குடிப் புள்ளைக்கு வாங்கின மாதிரி இருக்கு" என்றார். சத்தத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. தடித்த கம்பி தொளதொளவென்று கிடந்தது. அடித்தால் ஃபிரெட்டில் மோதிக் கரகரத்தது.

குட்டைக் கழுத்தில் கம்பி இறுக்கம் குறையும். இன்னும் தடிப்பான கம்பி வாங்கி மாட்டினேன். குட்டை பேஸுக்கு என்றே அளவு போட்டு விற்கிற கம்பி. பாதி சரியானது. மீதி என் வலது கையில் இருந்தது. வெட்டிப் பழகிய கை அது. மெதுவாகத் தொட அதற்குத் தெரியாது. வேலை முடிந்து வந்து தினமும் அதற்கு அடங்கச் சொல்லிக்கொடுத்தேன். வலது கை அடங்க அடங்கச் சத்தம் தெளிந்தது. இடது கை வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பொறுக்கிற வலியாக இருந்தது.

கோத்தா திங்கி மண்டபம் பெரியது. சுற்றி இருக்கிற தோட்டங்களிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. வாசலில் பொண்ணின் தாய்மாமன் நின்று வரவேற்றார். குடித்துவிட்டு வந்த ஒரு கூட்டத்தை அவர் உள்ளே விடவில்லை. சண்டையின் ஆரம்பம் அதுதான். நான் பார்க்கவில்லை, பிறகு கேள்விப்பட்டது.

அவர்கள் போய், காடு வெட்டுகிற நீளப் பாராங்கத்தியோடு திரும்பி வந்தார்கள்.

கத்தியை முதலில் கண்டது அக்கா. பாட்டைப் பாதியில் விட்டு இறங்கினார். கதவுக்குப் பக்கத்து மேசையில் ஒருவன் வெட்டினான். மேசைத் துணியும் சோறும் தெறித்தன. தடுக்கப் போன ஒருவனின் உள்ளங்கை பிளந்தது. அவன் தன் கையை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். நாற்காலிகள் பறந்தன. விழுந்து கிடந்த ஒருவனைச் சுற்றி நின்று நான்கு பேர் தலையிலேயே மிதித்தார்கள். பெண்கள் பிள்ளைகளை மேசைக்கு அடியில் தள்ளினார்கள். அண்ணன் கீபோர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்வழியாகப் போனார்.

மேடையில் மச்சானும் நானும்.

தாய்மாமன் மேடையின் பக்கப் படியில் தவழ்ந்து ஏறி வந்தார். முழங்கைக்குக் கீழே வெட்டு. வேட்டி முழுக்க ரத்தம். என் ஸ்பீக்கருக்குப் பின்னால் சுருண்டு முதுகைச் சாய்த்துக்கொண்டார். துண்டால் கையைக் கட்டப் பார்த்தார், முடியவில்லை. பல்லால் இழுத்து முடிந்தார்.

"நிறுத்தாத தம்பி. நிறுத்துனா எல்லாரும் இங்கதான் பாப்பானுங்க."

நிறுத்தவில்லை. மச்சான் ஒரு பாட்டின் தாளத்தை முடிக்காமலேயே அடுத்ததற்குப் போனான். நான் கூடவே போனேன். பாட்டு இல்லை, கீபோர்டு இல்லை. டிரம்ஸும் பேஸும் மட்டும். பெருவிரல் மரத்தது. மணிக்கட்டில் ஆணி இறங்க ஆரம்பித்தது. பழைய பேஸாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். விரல் விடவில்லை.

கத்தி வைத்திருந்தவன் மேடைக்கு முன்னால் வந்து நின்றான். அவன் மீசையில் வேறு யாருடைய ரத்தமோ இருந்தது.

"எங்க அவன்?"

நான் வாசித்துக்கொண்டே தாடையால் சமையல்கட்டுப் பக்கம் காட்டினேன்.

அவன் நகரவில்லை. என் கையைப் பார்த்தான். கை தடுமாறினால் பொய் என்று தெரிந்துவிடும். நான்கு கம்பிகளையும் கீழிருந்து மேல் வரைக்கும் நிதானமாகத் தொட்டு வந்தேன். ஒன்றும் நழுவவில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது. பேஸ் அதை மூடிக்கொண்டது.

"நல்லா வாசிக்கிறடா" என்றான். சமையல்கட்டுக்குப் போனான். அங்கே சமையல்காரர்கள் கொதிக்கிற எண்ணெயை அவன் மேல் ஊற்றினார்கள். அவன் அலறியது டிரம்ஸுக்கு மேல் கேட்டது.

போலீஸ் வரும்வரை வாசித்தோம். தாய்மாமனைத் தூக்கும்போது ஸ்பீக்கருக்கு அடியில் ரத்தம் தேங்கி வயர்கள் நனைந்திருந்தன. அவர் பிழைத்துக்கொண்டார். விரல் இரண்டு மடங்காது என்று கேள்வி.

வெளியே அண்ணன் கீபோர்டிலிருந்து சோற்றுப் பருக்கையை விரலால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பேஸைத் துடைத்துப் பையில் வைத்தேன். இடது கையை ஐஸ் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

"கை?" என்றார்.

"இருக்கு."

"வெளிய வரைக்கும் கேட்டுச்சு. கார்ல உக்காந்து முழுசா கேட்டேன். அந்த குட்டி பேஸு சத்தமா அது?"

"ஆமா அண்ணே."

"வெளிய இருந்து கேக்க நல்லா இருந்துச்சு லா."

"அப்ப இனிமே வெளியவே உக்காருங்க அண்ணே. ஒரு ஆளு மிச்சம்" என்றான் மச்சான்.

அண்ணன் அவனைத் திட்டவில்லை. கைபேசியை எடுத்தார். திரையில் ரத்தம் பட்டிருந்தது, கால்சட்டையில் துடைத்தார்.

"கல்யாணம் புக்கிங் வந்திருக்கு. எல்லாத்துக்கும் நீ வா."

"எத்தன?"

உதட்டை அசைத்து எண்ணினார்.

பதினொன்று.